ஒன்றரை மனிதர்

எல்லாளனை வீழ்த்தி அனுராதபுரத்தைக் கைக்கொண்ட சிங்கள மன்னன் துட்டகைமுனு, மாளிகையின் மேல்மாடத்தில் அமர்ந்து தன் செல்வச் சிறப்பைக் காண்கிறான், மகிழ்ச்சி பிறக்கவில்லை. மாண்டவர் பெருந்தொகை நெஞ்சை வருத்துகிறது. அரகந்தப் பிக்குகள் எண்மர் வந்து தேற்றுகின்றனர்: கொல்லப்பட்டோர் ஒன்றரை மனிதரே; மும்மணிகளில் அடைக்கலம் மட்டும் புகுந்தவன் அரை மனிதன், ஐந்து ஒழுக்கங்களையும் ஏற்றவன் முழு மனிதன்; ஏனையோர் விலங்குக்கு ஒப்பானவர். பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தின் 25ஆம் அதிகாரம் தரும் செய்தி இது. நோயைச் சரியாகக் கண்ட அந்நூல் மருந்தைத் தவறாகத் தந்தது. மாண்டவரைச் சிறுமைப்படுத்தி வாழ்வோனைத் தேற்றுவது ஆறுதலாகாது.

அந்த நோயை இன்றைய உளவியல் அறக்காயம் என்கிறது. வியட்நாம் போரிலிருந்து மீண்டோருக்கு மருத்துவம் செய்த ஜொனதன் ஷே, அதிகாரத்தில் இருப்போர் அறத்தைக் கைவிடும்போது வீரனின் பண்பே சிதைவதை 1990களில் விளக்கினார். 2009இல் பிரெட் லிட்ஸ் குழுவினர் அதன் எல்லையை விரித்தனர்: தான் செய்த கொடுமை, தடுக்கத் தவறிய கொடுமை, கண்ணால் கண்ட கொடுமை ஆகிய மூன்றும் இக்காயத்தை உண்டாக்கும். முள்ளிவாய்க்காலில் இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்ததும் அதே ஆண்டில்தான்.

மனவடு நோய் (PTSD) இதனின் வேறு; அதன் வேர் அச்சம். ஆபத்து நீங்கிவிட்டது என்பதை மூளை மெல்லமெல்லக் கற்றுக்கொள்ள, அச்சம் தணியும். குற்றவுணர்வு அவ்வாறு தணிவதில்லை. அச்சம் பொய்யாகலாம், குற்றவுணர்வோ பலவேளை உண்மையைச் சொல்கிறது. "உன் பிழையன்று" என்று மருத்துவர் கூறினால், நடந்ததை அறிந்தவன் உள்ளூர நம்பமாட்டான். போருக்குப் பின் இலங்கைக் கடற்படையினரை ஆராய்ந்த ரவீன் ஹன்வெல்ல முதலியோர், மனவடு நோயை ஏறத்தாழ நூற்றுக்கு இருவரிடமே கண்டனர். ஆறுதல் தரும் எண்தான். ஆயினும் அச்சத்தை அளக்கும் கோல் கொண்டு அறக்காயத்தை அளத்தல் இயலாது.

அறக்காயத்துக்கு மருந்து தேட உரிய நகரம் கண்டி. 1998 சனவரி 25இல் தலதா மாளிகையின் வாயிலில் விடுதலைப் புலிகளின் வெடிவண்டி வெடித்தது. போர் இம்மலைநகரையும் விட்டுவைக்கவில்லை. பௌத்தத் துறவிகளின் மல்வத்தை, அஸ்கிரிய பீடங்கள் இங்கே உள்ளன. பேராதனையில் பல்கலைக்கழகமும் போதனா மருத்துவமனையும் உள்ளன. விகாரையிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் வழி நீண்டதன்று. பேராதனையில் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, மேற்குலகம் மனச்சோர்வு என்று பெயரிடும் துயரைப் பௌத்தர் சமயத்தின் பொருளுலகில் வைத்து உணர்வதை 1980களில் எழுதினார். துட்டகைமுனுவின் மனச்சான்று பற்றியும் தனிக்கட்டுரை வரைந்தார். படைவீரன் தன் துயரைக் கர்மம் என்ற சொல்லால் உணர்கிறான் எனில், அச்சொல்லை அறியாத மருத்துவம் பாதிவழியில் நின்றுவிடும்.

பிக்குவிடம் வேறொரு மருந்து உண்டு. அதுவும் பாளி நூல்களிலேயே உள்ளது. பலரைக் கொன்ற அங்குலிமாலன் துறவியாகிறான். பிள்ளைப்பேற்றில் துன்புறும் பெண்ணைக் கண்டு இரங்கியவனிடம், "பிறந்தது முதல் அறிந்து ஓருயிரையும் நான் கொன்றதில்லை, இவ்வுண்மையால் நலம் உண்டாகுக" என்று அவள்முன் சொல்லுமாறு புத்தர் பணிக்கிறார். அது பொய்யாகுமே என்கிறான் அவன். "துறவில் பிறந்தது முதல்" என்று திருத்தித் தருகிறார் புத்தர். அதன் பின்னும் ஊரார் கல்லெறிகின்றனர். குருதி வழிய வந்தவனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். கொலை மறைக்கப்படவில்லை, மாண்டவர் குறைக்கப்படவில்லை, கொன்றவனும் கைவிடப்படவில்லை. கருவுற்ற பெண்களுக்காக இவ்வுரை பிரித் என்னும் காப்புரையாக இலங்கை வீடுகளில் இன்றும் ஓதப்படுகிறது. அறக்காயத்துக்கு இதனினும் சிறந்த பாடத்தை நான் அறியேன்.

அமெரிக்காவில் லிட்ஸ் வகுத்த சிகிச்சையும் இதற்கு அருகில் வருகிறது: பாதிக்கப்பட்டவன், தான் மதிக்கும் இரக்கமுள்ள ஒருவரிடம் நடந்ததைச் சொல்வதாகக் கற்பனையில் உரையாடுகிறான். பிலடெல்பியாவின் முன்னாள் படையினர் மருத்துவமனையில் சமயகுரு கிறிஸ் அன்டலும் உளவியலாளர் பீட்டர் இயோமன்ஸும் இணைந்து குழு நடத்தினர். அதன் நிறைவில் வீரர் ஊர்மக்கள் முன் சாட்சி சொல்வர். போருக்கு அனுப்பிய சமூகம் தன் பங்கை ஏற்கும். மருத்துவர் தற்கொலை எண்ணத்தையும் மதுப்பழக்கத்தையும் கவனிக்கிறார். மன்னிப்பு, கழுவாய் பற்றிப் பேசும் தகுதி குருவுக்கு உண்டு. ஒருவர் பணியை மற்றவர் செய்ய இயலாது.

இலங்கையில் அத்தகைய குழு அமைவதற்குப் பெருந்தடை ஒன்று உண்டு. மனம்திறக்கும் வீரனின் கூற்று வழக்குக்குச் சான்றாகலாம். தோழர் அவனைத் துரோகி என்பர். புனர்வாழ்வு முகாம்களைக் கடந்து வந்த ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளுக்கும் இதே அச்சம் உண்டு. யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் 1990களிலேயே தமிழரின் மனவடுவைப் பதிவுசெய்தார், ஆனால் அவர்களுள் ஆயுதம் ஏந்தியோரின் குற்றவுணர்வுக்குச் செவிசாய்ப்போர் குறைவு. கண்டி மருத்துவரும் பிக்குவும் கேட்பதை மறைவாகக் காக்க வேண்டும். அதுவே சிகிச்சையின் முதல் விதி. அதேவேளை அம்மறைவுக்குள் அடங்கும் செய்தியையே காணாமற்போனோரின் தாய்மார் வடக்கில் தேடுகின்றனர். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் நிறுவிய காணாமற்போனோர் அலுவலகம், தகவல் தருவோர் பெயரை மறைத்துக் காக்க வழிசெய்கிறது. படைவீரனை அவ்வலுவலகம் வரை துணைநின்று அழைத்துச் செல்லும் பிக்குவும் மருத்துவரும் கண்டியிலிருந்து புறப்பட வேண்டும்.