குழுவுக்கான பரிந்துரை: காரணத்தை எவ்வளவு சொல்லலாம்?

பலர் சேர்ந்து படம் பார்க்கவோ, சுற்றுலா போகவோ, ஓட்டலுக்குச் செல்லவோ திட்டமிடும்போது, ஒவ்வொருவரின் விருப்பத்தையும் கணக்கில் எடுத்துப் பொதுவான ஒன்றைச் சொல்லும் மென்பொருளைக் குழுப் பரிந்துரை அமைப்பு என்கிறார்கள். 1998-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்த 'மியூசிக்எஃப்எக்ஸ்' இதன் முன்னோடிகளில் ஒன்று. உடற்பயிற்சிக் கூடத்தில் அந்த நேரத்தில் இருப்பவர்களின் ரசனையைப் பார்த்து அது இசையைத் தேர்ந்தெடுத்தது. 2001-இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரைப்படங்களுக்காக 'பாலிலென்ஸ்' அமைப்பைப் பற்றி எழுதினார்கள். ஒரு படத்தை யார் மிகக் குறைவாக விரும்புவாரோ, அவருடைய மதிப்பெண்ணே அதில் குழுவின் மதிப்பெண். ஒருவர்கூட முகம் சுளிக்கக் கூடாது என்பது நோக்கம். சராசரியை எடுத்துக்கொள்ளும் அமைப்புகளும் உண்டு.

அமைப்பின் முடிவு எப்படி வந்தது என்று தெரியாவிட்டால், தன் விருப்பம் ஒதுக்கப்பட்டவருக்கு நம்பிக்கை வராது. அதனால் விளக்கம் தேவை. ஆனால் அந்த விளக்கமே இன்னொருவரைக் காட்டிக்கொடுத்துவிடலாம். அலுவலக நண்பர்கள் மதிய உணவுக்கு இடம் தேடும்போது, 'ஒருவருக்கு இந்த விலை கட்டுப்படியாகாது' என்று செயலி சொன்னால் அவருடைய பணநிலை வெளியே வந்துவிடும். உணவுக் கட்டுப்பாட்டைச் சொன்னால் மதமோ நோயோ தெரிந்துவிடும்.

பெயரை மறைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. இருவர் மட்டுமே உள்ள குழுவில் சராசரி 3 என்று காட்டினால், 5 கொடுத்தவர் மற்றவர் கொடுத்தது 1 என்பதை நொடியில் கணக்கிட்டுவிடுவார். குழு சிறியதாக ஆக, மறைப்பது கடினமாகிறது.

எதை மறைக்க வேண்டும் என்பது உறவைப் பொறுத்தும் மாறும். கணவன் மனைவிக்குள் சாதாரணமாகப் பேசப்படுவது, மேலாளர் இருக்கும் குழுவில் சங்கடமாகிவிடும். நெருக்கமில்லாதவர்கள் சேர்ந்த குழுவிலும், பெரும்பான்மையோடு ஒத்துப்போகாதவருக்கும் இந்தக் கவலை கூடுதல். இசைச் செயலியான ஸ்பாட்டிஃபையில், பலரின் ரசனையைக் கலந்து உருவாகும் 'பிளெண்ட்' பட்டியலில் எந்தப் பாட்டு யாருடைய ரசனையிலிருந்து வந்தது என்பது அவருடைய படத்தோடு தெரியும். பாட்டுக்கு அது இனிமையான விஷயம்தான். அதே வழியை உணவுக்கும் பயணச் செலவுக்கும் கொண்டுவரக் கூடாது.

நல்ல விளக்கம் ஆளைச் சுட்டாமல் முறையைச் சொல்லும்: 'யாருக்கும் பிடிக்காத இடங்களை நீக்கிவிட்டு, மீதியில் பலருக்கும் பிடித்ததைத் தேர்ந்தோம்.' இதிலும் ஒரு குறை உண்டு. பொதுவாகச் சொல்லச் சொல்ல விளக்கம் வெறுமையாகிவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் அவருடைய விருப்பம் எப்படிக் கணக்கில் சேர்ந்தது என்பதைத் தனியாகக் காட்டலாம். தன்னைப் பற்றி மற்றவர்கள் பார்க்கப்போகும் வரியை முன்கூட்டியே காட்டி, அவர் சம்மதித்த பிறகே அதை வெளியிட வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்காத செயலி, எவ்வளவு சரியாகப் பரிந்துரைத்தாலும், குழுவாகப் பயன்படுத்தத் தகுதியற்றது.