ருசியக் கையெழுத்து

ருசிய மொழியின் 33 எழுத்துக்களையும் அச்சில் கற்றவுடன் அம்மொழியினர் எழுதும் கடிதங்களையும் படித்துவிடலாம் என்று எண்ண வேண்டா. அச்சில் ஆங்கிலப் பெரிய 'டி'யை ஒத்த தகரம், கையெழுத்தில் சிறிய 'எம்' போல மாறிவிடும். அதன் மூன்று கோடுகள் மேலே இணையும். ஷகரத்தின் மூன்று கோடுகளோ கீழே இணையும். விரைந்து எழுதினால் இரண்டும் ஒன்றெனத் தோன்றும். ஆதலின் தகரத்தின் மேலும் ஷகரத்தின் கீழும் சிறு கோடு இடுவோர் உளர். 'இழக்கச் செய்வாய்' எனப் பொருள்படும் 'லிஷிஷ்' என்னும் சொல் வெறும் அலை வரிசையாகவே காட்சியளிக்கும். லகர மகரங்களின் தொடக்கத்தில் வரும் சிறு கொக்கியே அவற்றை முன்னெழுத்தினின்று பிரித்துக் காட்டுவது. ஆகவே, பயில்வோர்க்கு நான் கூறுவது இது: விரைவும் அழகும் பின்னர் வரட்டும், கொக்கியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடிதத்தைப் பெறுபவர் அதனைக் கொண்டே சொல்லை அறிவார்.