கண்ணுக்காகக் கடல் தாண்டுமுன்

போலாரத்தில் என் கடைக்கு வாடிக்கையாக வரும் தமிழ்க் குடும்பம் ஒன்று. குழந்தை பிறந்து ஆறு மாதமாகியும் தாயின் முகம் பார்க்கவில்லை. விழித்திரையில் பிறவிக் கோளாறு என்று டாக்டர் சொல்லிவிட்டார். தகப்பனார் ஒருநாள் வந்து, "மாமா, வெளிநாட்டுல ஸ்டெம் செல் ஊசி போடுறாங்களாம். ஊர் நிலத்தை வித்துடட்டுமா?" என்றார். "பத்து நாள் பொறுங்க தம்பி" என்றேன். அடியேன் மருத்துவன் அல்லன், வியாபாரி. தெரிந்த டாக்டர்களைக் கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

பிறவிப் பார்வைக் குறை ஒரே நோயன்று. பிறவிக் கண்புரை என்றால் முதல் சில வாரங்களிலேயே இங்கேயே அறுவை செய்ய வேண்டும். தாமதித்தால் மூளை பார்க்கக் கற்காமல் போய்விடும். பார்வை நரம்பு சரியாக வளராதது வேறு வகை. விழித்திரை சார்ந்ததில் முக்கியமானது, தியோடர் லீபர் 1869இல் விவரித்த நோய். இதற்கு 20க்கு மேற்பட்ட மரபணுக்கள் காரணமாகலாம்.

அவற்றுள் ஒன்று ஆர்.பி.இ.65. வைட்டமின் ஏ-யைக் கண்ணுக்குள் திரும்பத் திரும்பப் பயன்படுத்த உதவும் நொதியை இது உண்டாக்குகிறது. பழுதில்லாத மரபணுவை, தீங்கற்ற வைரஸில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்தும் சோதனை 2007இல் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் தொடங்கியது. மங்கிய வெளிச்சத்தில் தடுமாறிய பிள்ளைகள் முட்டாமல் நடந்தார்கள். 2017 டிசம்பரில் அமெரிக்க அரசு லக்ஸ்டர்னா என்ற பெயரில் இதை அனுமதித்தது. அறிவித்த விலை கண்ணுக்கு 4,25,000 டாலர்! ஆனால் இம்மருந்து அந்த ஒரு மரபணுப் பழுதுக்கு மட்டுமே. விழித்திரையில் உயிருள்ள செல்களும் மிஞ்சியிருக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 2000க்குப் பின் பார்வை நரம்பு வளராத பிள்ளைகளைப் பல நாட்டுப் பெற்றோர் சீனாவுக்கு அழைத்துப் போய், பெரும் பணம் கட்டி, தொப்புள்கொடி ஸ்டெம் செல் ஏற்றினார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் அப்படிச் சென்றவர்களில் சிலரை ஆராய்ந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் பார்வையில் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை.

ஆகவே நிலத்தை விற்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். குழந்தைக்குப் பழுதான மரபணு எது? அந்தப் பழுதுக்குத்தான் இந்தச் சிகிச்சையா? சோதனை என்றால் பணம் ஏன்? முறையான சோதனையில் சோதனை மருந்துக்குப் பொதுவாக நோயாளியிடம் விலை வாங்குவதில்லை. கண்பார்வை, மூளை வளர்ச்சி, தசை நோய் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்றால், என் வியாபார அனுபவத்தில் அது சரக்கே பார்க்காமல் முன்பணம் கொடுப்பது போலத்தான்.

முதல் கேள்விக்குப் பதில் தேட விமானம் ஏற வேண்டாம். 1987இல் டாக்டர் குள்ளப்பள்ளி நாகேஸ்வர ராவ் தொடங்கிய எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை நம் ஹைதராபாதிலேயே இருக்கிறது. 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா சென்னையில் இருக்கிறது.

இன்னொன்று. இவ்வகை நோய்களில் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணுப் பழுது வந்தால்தான் தோன்றும். அவர்கள் இருவருக்கும் பார்வை நன்றாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அக்கா மகள் என்று உறவுக்குள் கட்டும் நமக்கு இது கூடுதல் கவலை. வினைப்பயனை நம்புகிறவன்தான் நான். அதைச் சொல்லி மருமகளைக் குத்திக் காட்டுவதை மட்டும் ஏற்கமாட்டேன்.

அந்தத் தம்பி நிலத்தை விற்கவில்லை. மரபணுச் சோதனையில் வந்தது ஆர்.பி.இ.65 அன்று, வேறொன்று. அதற்கு இன்னும் மருந்து வரவில்லை. குழந்தை பார்வைப் பயிற்சிக்குப் போய் வருகிறது. கையில் கொடுத்ததைத் தடவிப் பார்த்துப் பெயர் சொல்கிறது. "மருந்து வந்தா நிலம் இருக்கு மாமா" என்கிறார் தகப்பனார். அதுவரை பள்ளிக்கும் பயிற்சிக்கும் அந்தக் காசு உதவட்டும்.