போதும்பொண்ணு, குப்பம்மாள், பிச்சை... சங்கடம் தரும் பெயரை மாற்றுவது எப்படி? முழு விவரம்

"உன் பேரு என்னம்மா?"
"போதும்பொண்ணு, சார்."

வகுப்பே சிரிக்கும். பள்ளியில் தொடங்கும் இந்தச் சிரிப்பு வங்கி, மருத்துவமனை, நேர்முகத் தேர்வு வரை துரத்தும். புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களின் கிராமங்களில் இப்படிப்பட்ட பெயர்களோடு வாழ்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஏன் இப்படி பேரு வச்சாங்க?

பல பெயர்களுக்குக் காரணம் பயம். குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து குப்பன், குப்பம்மாள் என்று கூப்பிட்டார்கள். மடிப்பிச்சை எடுத்து பிச்சை என்று வைத்தார்கள். மட்டமான பேரா இருந்தா எமன்கூட திரும்பிப் பார்க்க மாட்டான் என்ற நம்பிக்கைதான்.

வேண்டாம், போதும்பொண்ணு கதை வேறு. அடுத்ததாவது ஆண் பிள்ளையாகப் பிறக்கட்டும் என்று பெண் குழந்தைகளுக்கு வைத்த பெயர்கள் இவை. திருத்தணி அருகே நாராயணபுரத்தில் 'வேண்டாம்' என்ற பெயரில் பலர் இருப்பது செய்திகளில் வந்தது. மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில், 'வேண்டாதவள்' என்று பொருள்படும் 'நகுசா', 'நகுஷி' பெயர்கள் கொண்ட 285 சிறுமிகளுக்கு 2011-ல் அரசே விழா நடத்திப் புதுப் பெயர் சூட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது?

பெயர் ஒருவரின் அடையாளத்தின் பிரிக்க முடியாத பகுதி. அதைத் தீர்மானிப்பது கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று சி.பி.எஸ்.இ சான்றிதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் கூறியது.

எப்படி மாற்றுவது?

* தமிழ்நாடு அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். இதன் தலைமை அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் உள்ளது. புதுக்கோட்டையிலும் இத்துறையின் கிளை அச்சகம் இருக்கிறது. சென்னைக்கு பஸ் ஏறும் முன் அங்கே விசாரித்துக்கொள்ளலாம்.
* பிறப்பு அல்லது கல்விச் சான்றிதழ் நகல், முகவரிச் சான்று, சான்றொப்பம் பெற்ற புகைப்படம் தேவை.
* 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும்.
* அரசிதழில் பெயர் வெளியானதும் சில பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள். ஆதார், பான், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம்.

கவனிக்க வேண்டியவை

ஆதாரில் பெயரை பொதுவாக 2 முறைதான் திருத்த முடியும். எழுத்துகளை முதலிலேயே சரிபாருங்கள். பழைய மதிப்பெண் பட்டியலில் பெயர் தானாக மாறிவிடாது. அரசிதழையும் சேர்த்தே காட்ட வேண்டிவரும். அதனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகும் முன்பே மாற்றுவது நல்லது.

எல்லோரும் மாற்றித்தான் ஆகணுமா?

இல்லை. கூகுளின் சுந்தர் பிச்சை பெயரிலும் அதே பிச்சைதான் இருக்கிறது. உயிர் பிழைக்கட்டும் என்று ஆசையாய் வைத்த பெயரைப் பெருமையாகச் சுமப்பவர்களும் உண்டு. ஆனால், "நீ வேண்டாம்" என்று தினமும் சொல்லும் பெயரோடு உங்கள் வகுப்பிலோ தெருவிலோ ஒரு பெண் பிள்ளை இருந்தால், மாற்ற வழி இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள்.