ரிசீவர் மாற்றும் முன்

ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒரேயடியாகச் செத்துப்போவது அபூர்வம். பத்து வருடம் உழைத்த பெட்டி ஒரு நாள் டிவியில் வெறும் கறுப்புத் திரையைக் காட்டும். ஆனால் எஃப்எம் வைத்தால் பாடும். பின்னால் சிவப்பு, வெள்ளை வயரைச் செருகினால் அதுவும் கேட்கும். ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு குறையும் இல்லை, போனது எச்டிஎம்ஐ போர்டு. சர்வீஸ் ஆளிடம் கொண்டுபோனால், "இந்த மாடலுக்கு போர்டு வர்றதில்ல சார், புதுசு வாங்கிடுங்க" என்பார். அவர் சொல்வதில் பாதிதான் சரி.

மூடியைக் கழற்றிப் பார்த்தால் காரணம் புரியும். (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.) ஒரு பக்கம் பெரிய டிரான்ஸ்ஃபார்மர், பெட்டியின் எடையில் பெரும்பங்கு அதனுடையது. அதன் அருகே தகரக் குவளை மாதிரி இரண்டு கெப்பாசிட்டர்கள். குறுக்கே ஓடும் அலுமினிய ஹீட் சிங்க்கில் சேனலுக்கு ஒரு ஜோடி வீதம் டிரான்சிஸ்டர்கள் வரிசையாகத் திருகப்பட்டிருக்கும். சுவிட்ச் போட்டுச் சில நொடிகள் கழித்து "டக்" என்று ஒரு சத்தம் வருமே, அது ரிலே. ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியில் தவறான மின்னழுத்தம் எதுவும் இல்லை என்று சோதித்த பிறகே அது இணைப்பைக் கொடுக்கிறது. இந்தப் பகுதி முழுவதும் 1990களில் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியேதான் இன்றும் இருக்கிறது.

அடிக்கடி மாறுவது பின்பக்கம் செங்குத்தாக நிற்கும் சின்ன போர்டுகள். படத்தை வாங்கி டிவிக்கு அனுப்புவதும், ஒலியைப் பிரித்தெடுத்து எந்த ஸ்பீக்கருக்கு எது என்று பங்கிடுவதும் அவற்றின் வேலை. 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிட்டல் வந்தது. அடுத்த ஆண்டு 'ஜுராசிக் பார்க்' டிடிஎஸ்ஸைக் கொண்டுவந்தது. 2009-இல் எச்டிஎம்ஐ 1.4 வந்தபோது டிவியின் ஒலியை அதே கேபிள் வழியாக ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஆர்க் வசதி சேர்ந்தது. 2012-இல் தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் தியேட்டருக்கு வந்தது. அதே ஆண்டு நம்மூரில் 'சிவாஜி' 3டி அந்த ஒலியோடு வெளியானது. 2013-இல் எச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு 60 பிரேம் 4கே படத்துக்கு வழி செய்தது. 2017-இல் 2.1 வந்தது, அதோடு இ-ஆர்க்கும். ஒவ்வொரு முறையும் பழசாகிப்போனது இந்த வாசல்தான். உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் அல்ல.

ஆகவே கையில் காசை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், கேம் கன்சோல் எல்லாவற்றையும் ரிசீவரிலிருந்து பிடுங்கி நேராக டிவியில் செருகுங்கள். டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ரிசீவருக்கு ஒரே ஒரு கேபிள். டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஒலி 'பிசிஎம்' என்று இருந்தால் இரண்டு சேனல்தான் வரும். அதை 'டால்பி டிஜிட்டல்' அல்லது 'ஆட்டோ' என்று மாற்றுங்கள். ஓடிடி படங்களின் 5.1 ஒலி பழைய ரிசீவரில் திரும்பவும் ஐந்து பக்கமும் கேட்கும். எச்டிஎம்ஐ போர்டு செத்த பெட்டிக்கும், 4கே தெரியாத பெட்டிக்கும் இது ஒன்றே வைத்தியம். செலவு ஒரு கேபிள். ஆப்டிகலில் அட்மாஸ் வராது, ப்ளூ-ரேயின் சுருக்கப்படாத ஒலியும் வராது. சில டிவிகள் டிடிஎஸ்ஸை வெளியே விடுவதே இல்லை. இதெல்லாம் உங்களுக்கு உறுத்தினால் மேற்கொண்டு படியுங்கள். உறுத்தாதவர்கள் மிச்சப்பட்ட பணத்தில் நல்ல சென்டர் ஸ்பீக்கர் ஒன்று வாங்கலாம். வசனம் புரியவில்லை என்கிற வீட்டுப் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது.

புதிது வாங்கத்தான் வேண்டும் என்றானால், கடையில் முதலில் நீட்டப்படுவது வாட் கணக்கு. நம்மூரில் "5000 வாட்ஸ் பிஎம்பிஓ" ஸ்டிக்கர் ஒட்டிய கைக்கடக்கமான பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தவர்களும், பெரிய கம்பெனி அட்டையில் "சேனலுக்கு 135 வாட்" என்று இருந்தால் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அடிக்குறிப்பைப் படிக்க வேண்டும். ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே ஒரு சுருதியில், 6 ஓம் சுமையில், 10 சதவீதம் சிதைவு வரும்வரை முடுக்கிவிட்டு எடுத்த எண்ணாக இருக்கும் அது. அதே பெட்டியை இரண்டு சேனலில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவு 0.1 சதவீதத்துக்குள் அளந்தால் பாதிக்குப் பாதி இறங்கிவிடும். இந்த ஏமாற்று ஸ்டீரியோ காலத்திலேயே தொடங்கியது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974-இல் இதற்கென்றே விதி போட்டு, 2024-இல் அதைத் திரும்பவும் இறுக்கவேண்டி வந்தது. கண்ணில் தேட வேண்டியது "20 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ், 8 ஓம், 2 சேனல்" என்ற வரி.

அப்படித் தேடினால் கிடைக்கும் 60, 70 வாட் போதுமா? சாதாரண ஹாலுக்குத் தாராளம். 88 டெசிபல் திறன் குறித்த ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் கேட்கும். மூன்று மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் திறந்தவெளிக் கணக்குப்படி 78, 79. சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அறைக்குள் இன்னும் கொஞ்சம் கூடும். 5 வாட் கொடுத்தால் 85. அதுவே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவு. வெடிச் சத்தம் இன்னும் 10 டெசிபல் எகிற வேண்டுமானால் வாட் பத்து மடங்காக வேண்டும், அதாவது ஐம்பது. 70 வாட் பெட்டிக்கும் 100 வாட் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை டெசிபல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பிடிபடுவதே கஷ்டம். தவிர, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியை எல்லாம் தன் சொந்த ஆம்ப்ளிஃபயர் வைத்த சப்வூஃபரிடம் தள்ளிவிட்டால் ரிசீவரின் பாடு இன்னும் குறையும்.

வாட்டை விட ஓம்தான் ஆளை மாட்டிவிடும். டிவிடி காலத்தில் ஒரே அட்டைப்பெட்டியில் பிளேயர், ஐந்து குட்டி ஸ்பீக்கர், ஒரு வூஃபர் எல்லாம் சேர்த்து விற்றார்களே, அந்த செட்டின் தலைப்பெட்டி போய்விட்டால் "ரிசீவர் மட்டும் வாங்கி மாட்டிக்கலாம்" என்று பலர் கிளம்புகிறார்கள். அந்த ஸ்பீக்கரைத் திருப்பிப் பாருங்கள்: 3 ஓம் அல்லது 4 ஓம் என்று போட்டிருக்கும். விலை குறைந்த ரிசீவர்கள் பெரும்பாலும் 6 ஓமுக்குக் கீழே போக வேண்டாம் என்கின்றன. ஓம் பாதியானால் அதே வால்யூமில் இழுக்கும் மின்னோட்டம் இரட்டிப்பாகும்; 20 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டரை ஆம்பியர் கேட்டால் 4 ஓம் ஐந்து கேட்கும். டிரான்சிஸ்டர் கொதிக்கும், பாதுகாப்புச் சுற்று உஷாராகிப் பெட்டியை அணைத்துவிடும், சண்டைக் காட்சியின் நடுவே. வூஃபர் கதை இன்னும் மோசம். அது சொந்த ஆம்ப் இல்லாத வெறும் பெட்டி. ரிசீவரோ வூஃபருக்குச் சிறு சிக்னலை மட்டும்தான் தரும், சக்தியைத் தராது. செருகினால் ஒரு முனகல்கூட வராது. இப்படிப்பட்ட செட் வைத்திருப்பவர் ரிசீவருக்கு மட்டும் பட்ஜெட் போடுவதில் பிரயோஜனமில்லை. சவுண்ட்பார் அவருக்கு மரியாதையான முடிவு.

சேனல் எண்ணிக்கை அடுத்த ஆசை. 7.2 பெட்டி என்றால் ஏழு ஸ்பீக்கரையும் வாங்கி, அதற்கெல்லாம் வயர் இழுக்கவும் வேண்டும். அட்மாஸுக்காகக் கூரையைப் பார்த்து ஒலி எழுப்பும் ஸ்பீக்கர் வைக்கலாம் என்பார்கள். நம் வீட்டு காங்கிரீட் கூரை அதற்கு மிகப் பொருத்தமான சமதளம்தான், நடுவில் சுற்றிக்கொண்டிருக்கும் மின்விசிறியைத் தவிர. சின்ன பட்ஜெட்டில் நல்ல ஐந்தும் ஒரு வூஃபரும், சுமாரான ஏழையும் இரண்டையும் விட எப்போதும் மேல் என்பது என் கட்சி. எச்டிஎம்ஐ 2.1-க்கும் இதே பதில். நொடிக்கு 120 பிரேம் ஓட்டும் கேம் கன்சோல் இல்லாதவருக்கு அது தேவையில்லை. பிளேஸ்டேஷன் 5 இருந்தாலும் அதை நேரே டிவியில் மாட்டி, ஒலியை இ-ஆர்க் வழியாக ரிசீவருக்குக் கொண்டுவந்தால் காரியம் முடிந்தது. டிவியிலும் ரிசீவரிலும் இ-ஆர்க் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். இந்த வசதிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

எதற்குக் காசு கொடுக்கலாம் என்றால், அட்டைப்பெட்டியின் மூலையில் பொட்டலமாக வரும் அந்தச் சின்ன மைக்குக்கு. யமஹாவில் வைபிஏஓ, டெனான், மரான்ட்ஸின் பல மாடல்களில் ஆடிசி, சோனியில் டிசிஏசி என்று பெயர் வேறு, வேலை ஒன்று. சோபாவில் காது இருக்கும் உயரத்தில் மைக்கை நிறுத்தி, மின்விசிறியை அணைத்து, எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கராக "உய்ய்ய்ப்" என்று தாழ்ந்த ஒலியிலிருந்து உச்சிவரை ஏறும். அந்த ஒலி மைக்கை வந்தடைய எடுத்த நேரத்தைக் கொண்டு ரிசீவர் தூரத்தை அளக்கிறது. நொடிக்குச் சுமார் 343 மீட்டர் என்பதால் 1 மீட்டர் கிட்டே இருக்கும் ஸ்பீக்கரை ஏறக்குறைய 3 மில்லிநொடி தாமதப்படுத்தினால் எல்லாம் ஒரே சமயத்தில் காதுக்கு வரும். பிளஸ் மைனஸ் வயரை மாற்றி மாட்டியிருந்தால் அதையும் சொல்லிவிடும். முடிவில் வூஃபர் தூரம் டேப் வைத்து அளந்ததைவிட ஒன்றிரண்டு மீட்டர் கூடக் காட்டினால் பதறி மாற்றாதீர்கள். வூஃபருக்குள் இருக்கும் சுற்றுகள் உண்டாக்கும் தாமதத்தையும் அது தூரமாகவே கணக்கிடுகிறது. டைல்ஸ் தரை, வெறுஞ்சுவர், திரைச்சீலை இல்லாத ஜன்னல் என்று எதிரொலிக்கும் ஹாலை இந்த மைக் முழுசாகக் குணப்படுத்தாது. ஒரு ஜமக்காளம் அதற்குப் பக்கத்துணை.

வாங்கி வந்த பெட்டியை டிவி ஷெல்ஃபின் அடித்தட்டில் திணித்துவிடக் கூடாது. மேலே ஒரு சாண் இடைவெளி, பின்னால் காற்றுப் போக வழி வேண்டும். கதகதப்பான இடம் பல்லிக்கு ரொம்பப் பிடிக்கும். மூடியின் துளை வழியே இறங்கி போர்டில் குறுக்காகப் படுத்து, தானும் கருகிப் பெட்டியையும் கருக்கிய கதையை எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். மழைக்காலத்தில் இடி தொடங்கினால் பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்றுவது நல்லது.

புதிய ஐந்து சேனல் ரிசீவர்கள் ரூ. 30,000 சுமாரில் தொடங்குகின்றன. அதே பணத்துக்கு மூன்று நான்கு வருடம் ஓடிய, நேற்றைய நடுத்தர மாடல் ஒன்று பழசில் கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மர் பெரிது, அறைத் திருத்தம் இன்னும் கூர்மை. நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன், விற்பவர் வீட்டுக்கே போய்ப் பார்க்க முடியும் என்றால். தூக்கிப் பாருங்கள், ஒரே காலத்து இரண்டு மாடல்களில் கனமானதற்குப் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் பெரிதாக இருக்கும். ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளையிலும் கேபிளைச் செருகிப் படம் வருகிறதா பாருங்கள். எல்லாச் சேனலிலும் டெஸ்ட் டோன் ஓட்டுங்கள். வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரக்கிறதா கவனியுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு மேல்மூடியில் கை வைத்துப் பாருங்கள். சூடு இருக்கலாம், கையை வெடுக்கென்று எடுக்கும்படி இருக்கக் கூடாது. ரிமோட், மைக் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஒரு கம்பெனி மைக் இன்னொன்றில் சரியாக வேலை செய்யாது. மைக் தொலைந்துவிட்டது என்றால் விலையில் இரண்டாயிரமாவது குறைக்கச் சொல்லுங்கள்.