காசியில் பழகிய சத்திரமா, புதிய விடுதியா?

காசிக்கு ஒரு தடவை போய் வந்தவர்கள் அதோடு விடுவதில்லை. முதலில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறோம். பிறகு அவர்களுடைய காரியத்துக்காகப் போகிறோம். ஓய்வு பெற்றதும் நமக்காக ஒரு முறை. தில்லியில் இருக்கும் நமக்கு அது ஓர் இரவு ரயில் பயணம்தான். ஆகவே ஊரிலிருந்து வரும் உறவினர்களைக் கூட்டிப் போகும் பொறுப்பும் நம் தலையில் விழுகிறது. ஒவ்வொரு முறையும் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான். போன தடவை தங்கிய இடமா, வேறு இடமா?

அடியேன் இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன். முதல் மூன்று முறையும் ஒரே இடம். அதில் மூன்றாவது முறை செய்தது தவறு. அதனால்தான் இதை எழுத நினைத்தேன்.

காசியில் தமிழர்கள் தங்கும் இடங்கள் பெரும்பாலும் கங்கையின் மேற்குக் கரையில் மூன்று இடங்களைச் சுற்றியே இருக்கின்றன. கோதோலியா பக்கம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம். விசுவநாதருக்கு அங்கிருந்துதான் தினமும் பூஜைப் பொருள்கள் ‘சம்போ’ என்ற முழக்கத்தோடு எடுத்துச் செல்லப்படுகின்றன. கேதார் காட்டில் 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய குமாரசாமி மடம். சற்றுத் தெற்கே ஹனுமான் காட். 1898 முதல் 1902 வரை பாரதியார் வாழ்ந்த பகுதி. சாஸ்திரிகள் வீடுகளும் தமிழ்ச் சாப்பாடும் அங்கே கிடைப்பதால் சிறிய விடுதிகளும் பல உண்டு.

பழகிய இடத்தில் அப்படி என்ன லாபம்? வாடகை குறைவு என்பது சின்ன விஷயம். காசி யாத்திரை என்றால் காசி மட்டுமல்ல. பிரயாகை சுமார் 125 கி.மீ., கயை 200 கி.மீ.க்கு மேல். இரண்டுக்கும் போய்த் திரும்ப வேண்டும். பெட்டி படுக்கைகளை நம்பி விட்டுவிட்டுப் போக ஓர் இடம் வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்குக் கதவைத் திறந்துவிட ஆள் வேண்டும். பஞ்ச தீர்த்த சிராத்தம் செய்பவர்கள் அஸி முதல் வருணை சங்கமம் வரை படகில் போய் ஐந்து இடங்களில் பிண்டம் போட வேண்டும்; படகுக்காரரையும் சாஸ்திரிகளையும் சேர்த்து ஏற்பாடு செய்ய, நம் குடும்பத்தை அறிந்த ஒருவர் இருந்தால் பாதி பாரம் குறைந்தது. 2007-இல் அப்பாவின் அஸ்தியோடு போனபோது நான் எதையும் விளக்கவே இல்லை. பையைப் பார்த்ததுமே அந்த விடுதிக்காரர் புரிந்துகொண்டு ஆளை அனுப்பிவிட்டார். அந்த உபகாரத்தை மறக்க முடியாது.

அந்த நன்றியில்தான் 2019-இல் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே போனேன். என் மனைவிக்கு அப்போது முழங்கால் வலி ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலியாக இருந்தது மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. பழைய கட்டடத்தின் படி ஒவ்வொன்றும் ஒன்பது அங்குல உயரம். (ரயில்வேயில் நடைமேம்பாலத்துக்கு ஆறு அங்குலத்துக்கு மேல் வைக்கத் தயங்குவோம். 1994-இல் அம்மாவோடு போனபோது இதை நான் கவனிக்கக்கூட இல்லை. எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது.) நான்கு நாளில் அவள் ஒரே ஒருமுறைதான் கங்கைக்கு இறங்கினாள். கடைசி நாள், “ஏங்க, உங்களுக்கு அந்த மேனேஜரைப் பார்க்கணும், எனக்குக் கங்கையைப் பார்க்கணும்” என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

ரயில் ஓட்டுநர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு பாதையில் மூன்று மாதத்துக்கு மேல் வண்டி ஓட்டாமல் இருந்தால், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், கற்றுக்கொள்வதற்காக மறுபடி அந்தப் பாதையில் போய் வந்த பிறகுதான் வண்டியைக் கொடுப்பார்கள். இடையில் சிக்னல் இடம் மாறியிருக்கலாம், வேகக்கட்டுப்பாடு வந்திருக்கலாம். நானோ பன்னிரண்டு வருடம் கழித்துப் போகிறேன். ‘எனக்குத் தெரிந்த இடம்’ என்று சொல்லிக்கொண்டு.

காசியும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2018-இல் முகல்சராய் பெயர் மாறியது. 2021-இல் மண்டுவாடீ நிலையம் ‘பனாரஸ்’ ஆயிற்று. சிவகங்கா எக்ஸ்பிரஸில் போனால் அங்கேதான் இறங்க வேண்டும், வாராணசி ஜங்ஷனில் அல்ல. 2019-இல் விசுவநாதர் கோயிலைச் சுற்றி வீடுகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பழகிய சந்தையே காணோம். 2021 டிசம்பரில் புதிய வளாகம் திறந்த பிறகு கங்கைக் கரையிலிருந்து நேரே கோயிலுக்குள் போக வழி இருக்கிறது. கோயிலுக்குப் பக்கம் என்று நாம் தேர்ந்தெடுத்த விடுதி இன்றும் பக்கம்தானா என்பதைப் புதிதாகத்தான் விசாரிக்க வேண்டும்.

2023-இல் விடுதியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மனைவியிடமே விட்டுவிட்டேன். அஸி காட் பக்கம் லிஃப்ட் உள்ள புதிய விடுதி. நம் சாப்பாடு இல்லை. மூன்று வேளையும் ரொட்டி, பருப்பு. விசுவநாதர் தரிசனத்துக்கு ஆட்டோ பிடித்துப் போய், கோதோலியாவுக்குப் பிறகு நடக்க வேண்டியிருந்தது. ஆனால் படித்துறை இரண்டு நிமிட நடை. அங்கே 2014 முதல் விடியற்காலையில் ஆரத்தியும் சங்கீதமும் நடக்கின்றன; அவள் ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. மூன்று பயணங்களில் நான் பார்க்காத காசி அது.

ஆகவே, காரியம் செய்யப் போகிறவர்கள் பழகிய இடத்துக்கே போங்கள். துக்கத்தோடு போகும்போது புது இடத்தில் தடுமாற வேண்டாம். ஆனால் கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டு விடுங்கள்: தரைத்தளத்தில் அறை உண்டா, மேல்நாட்டுக் கழிப்பறை உண்டா, வண்டி எதுவரை வரும், அங்கிருந்து எவ்வளவு நடை, எத்தனை படி? கடைசிக் கேள்விக்குப் பலர் “கொஞ்சம்தான் சார்” என்பார்கள். எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். தரிசனத்துக்கு மட்டும் போகிறவர்கள் தாராளமாகப் புது இடம் பார்க்கலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்களுக்கு இன்னொன்று. காசியில் கங்கையின் அபாய அளவு 71.262 மீட்டர், 1978-இல் 73.901 வரை ஏறியது. அபாய அளவை எட்டாத வருடங்களிலும் படித்துறைகள் மூழ்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கரையோரமாக நடக்க முடியாது. சந்து வழியாகச் சுற்ற வேண்டும். ‘கங்கையைப் பார்த்த அறை’ என்று கூடுதல் வாடகை கொடுக்குமுன் இதை யோசியுங்கள்.

வரும் கார்த்திகையில் ஊரிலிருந்து தங்கையும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். மாப்பிள்ளையின் தாயாருக்குச் சிராத்தம். முதல் மூன்று நாள் பழைய விடுதி. தரைத்தளம் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிறகு இரண்டு நாள் அஸி காட். நடுவில் மூட்டை மாற்றும் வேலை என்னுடையது.