சாய்ந்து துயிலலும் சுவாசமும்

மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகின்றது, எழுந்திருந்தால் தணிகின்றது. இவ்வனுபவம் மிகப் பழையது. சரகசங்கிதை, தமக சுவாசத்தின் குறிகளைக் கூறுமிடத்து, அந்நோயாளன் படுக்கையிற் கிடக்கையில் துன்புறுவான் என்றும், உட்கார்ந்திருக்கையிற் சுகம் பெறுவான் என்றும், வெம்மையான பொருள்களை விரும்புவான் என்றும் மொழிகின்றது. கிரேக்க வைத்தியர் இந்நிலையை நிமிர்ந்த மூச்சு என்னும் பொருள்பட ‘ஓதொப்னியா’ என அழைத்தனர். நிமிர்ந்திருந்தாலன்றி மூச்சுவிட இயலாமையாலேயே அப்பெயர் எய்திற்று என்பது கப்படோக்கியா நாட்டு அரெத்தேயசின் விளக்கம். யாழ்ப்பாணத்து இல்லங்களிலே தொய்வு கண்ட முதியோர் கட்டிலை விடுத்துச் சாய்மனைக் கதிரையில் இராப்பொழுதைக் கழிப்பதும் இதன்பாற்பட்டதே. நூலறிவின் துணையின்றியே உடல் இதனைக் கண்டுகொள்கின்றது.

காரணங்களுள் ஒன்று எளிது. மார்பறைக்கும் வயிற்றறைக்கும் இடையேயுள்ள பிரிமென்றகடு, மூச்செடுக்கையிற் கீழிறங்கவேண்டும். நிமிர்ந்திருப்பவனுடைய குடல், ஈரல் முதலியன தம் பாரத்தால் தாழ்ந்து அதற்கு இடங்கொடுக்கின்றன. படுத்தவனிடத்து அவை மார்பை நோக்கித் தள்ளுகின்றன. பருத்த வயிறுடையோரும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் இதனை நன்கறிவர்.

மற்றைய காரணம் குருதியைப் பற்றியது. ஆராயத் தக்கதும் அதுவே. நிற்கும்போது கால்களிலே தங்கும் குருதியில் ஏறத்தாழ அரை லீற்றர், படுத்தவுடன் மார்புக்கு மீள்கின்றது. வலிய இதயம் இதனைப் பொருட்படுத்தாது. இடதிதயவறை தளர்ந்திருப்பின், வலப்பக்கம் அனுப்பும் குருதி முழுவதையும் இடப்பக்கம் ஏற்று வெளியேற்ற மாட்டாது. குருதி சுவாசப்பையிலே தேங்க, மயிர்த்துளைக் குழாய்களினின்றும் நீர் கசிகின்றது. எழுந்து கால்களைத் தொங்கவிட்டாற் குருதி மீண்டும் கீழிறங்க, மூச்சு இலகுவாகும். பகலிற் கால்வீக்கமாய் நின்ற நீரும் இரவில் மெல்லமெல்லக் குருதியிற் சேர்கின்றது. படுத்து ஓரிரு மணிநேரம் கழிந்தபின் நோயாளன் திடுக்கிட்டெழுந்து, யன்னலைத் திறந்து காற்றைத் தேடுவது இதனாலேயாம்.

‘எத்தனை தலையணை வைத்து உறங்குகின்றீர்?’ என்று வைத்தியர் வினவுவது ஆகவே வீண்வினா அன்று. ஒன்று வைத்தவர் இரண்டு வைத்து, இரண்டு மூன்றாகி, ஈற்றிற் கதிரையை நாடுவாராயின், இதயத்தின் வலி படிப்படியே குன்றுகின்றது என ஐயுறல் வேண்டும். பெரும்பாலோரோ முதுமை என்றும் சளி என்றும் கருதி, இன்னுமொரு தலையணையோடு அமைதி கொள்கின்றனர். தொய்வென எண்ணப்பட்ட இராமூச்சு இதயத்தால் விளைந்ததாகவும் இருத்தல் கூடும். இரண்டுக்கும் மருந்து வேறு. மிகையான நீரைக் கழிக்கும் மருந்துகளும் இதயத்துக்குத் துணையாகும் பிற மருந்துகளும் கிடைக்கும் இக்காலத்திலே, இக்குறியை மாதக்கணக்கிற் பொறுத்திருத்தல் பெரும் பேதைமை.

வைத்திய உலகமும் கிடையின் தன்மையை எளிதில் உணர்ந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்புற்றோரை வாரக்கணக்காக அசையாது படுக்கவைப்பதே வழக்கமாயிருந்தது. பொஸ்ரன் நகரத்துச் சாமுவேல் லெவின், பேணாட் லவுண் என்னும் இருவர், அத்தகையோரைக் கால் தாழ்த்திக் கதிரையில் இருத்தும் சிகிச்சையை 1952 இல் வெளியிட்டனர். கால்களிலே குருதி தங்கினால் இதயத்தின் சுமை குறையும் என்பதே அவர்கள் கொண்ட நியாயம்.

இன்று வைத்தியசாலைகளில் மேலுடம்பை ஏறத்தாழ 45 பாகை உயர்த்திக் கிடத்தும் முறைக்குப் ‘பவுலர் நிலை’ என்று பெயர். புறூக்கிளினைச் சேர்ந்த சத்திரவைத்தியர் யோர்ச்சு பவுலர் 1900 இல் அதனைப் பற்றி எழுதியபோது மூச்சைக் கருதினாரல்லர். வயிற்றறையிற் சேர்ந்த சீழ் இடுப்புக்குழியை நோக்கி வடிதலே அவர் வேண்டியது. மூச்சுக்கு அது இத்துணை உதவுவது ஒருவகையில் எதிர்பாராத ஊதியம்.

வீட்டிலே இதனைச் செய்வோர் பலரும் தலையை மட்டும் உயர்த்துகின்றனர். அப்போது கழுத்து மடிந்து நாடி மார்பிற் படிய, மூச்சுவழி நெருக்குறும். சாய்வு இடுப்பிலிருந்தே தொடங்கவேண்டும். முதுகு முழுவதும் தாங்கப்படுமாறு தலையணைகளைப் படிப்படியாக அடுக்கி, முழங்காலின்கீழ்ச் சிறியதொன்றை வைத்தால் உடல் சரிந்து வழுவாது. தொய்வு கடுமையாய் உள்ளபோது, பின்னே சாய்வதிலும், மேசைமீது தலையணை வைத்துக் கைகளை அதன்மேல் ஊன்றி முன்னே குனிந்திருத்தல் சிலருக்குக் கூடிய ஆறுதல் தரும்.